குறைந்த செலவில் வெப்பமண்டலத் தீவுகள்: புறப்படுவது முதல் திரும்புவது வரை முழுமையான வழிகாட்டி

ஒரு சிறிய தீவின் படகுத்துறையில் சரக்குப் படகு வந்து சேரும் வேளையில் அரைமணி நேரம் நின்று பார்த்தவருக்கு, அந்தத் தீவின் விலைவாசியைப் பற்றி வேறு யாரும் விளக்கத் தேவையில்லை. நான் அப்படி நின்று பார்த்த ஒரு காலையில், படகிலிருந்து முட்டைத் தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. படகில் நின்றவர் குனிந்து கொடுக்க, துறைப்படியில் காலூன்றியவர் அதை வாங்கி மேலே நின்றவரிடம் நீட்ட, அவர் தள்ளுவண்டியில் வைத்தார். முட்டைகளுக்குப் பின்னால் வெங்காய மூட்டைகள், எரிவாயு உருளைகள், குடிநீர்ப் பாட்டில் கட்டுகள், தார்ப்பாய் போர்த்திய சிமென்ட் மூட்டைகள் எல்லாம் வந்தன. கடைசியாக முதுகுப்பையுடன் இரண்டு பயணிகள் இறங்கினார்கள். முட்டைக்கும் மூட்டைக்கும் பயணிக்கும் அங்கே ஒரே விதிதான்: கடலைத் தாண்டி வரும் எதுவும் அதற்கான கூலியைத் தன் விலையில் சுமந்துகொண்டுதான் கரையேறுகிறது.

ஆகவே, கையில் குறைந்த பணத்துடன் தீவுகளுக்குப் போகிறவர் விலை குறைந்த அறையைத் தேடுவதற்கு முன்பு, எத்தனை முறை கடலைத் தாண்டப் போகிறோம், தாண்டிய பிறகு எத்தனை நாள் தங்கப் போகிறோம் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அந்தக் கணக்கையே சுற்றி வருகின்றன.

1. தீவைத் தேர்ந்தெடுத்தல்

படங்களில் ஒன்றுபோலத் தெரியும் தீவுகள் செலவில் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உடையவை. முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் தீவில் சாதாரண மக்கள் குடியிருக்கிறார்களா என்பதுதான். பள்ளியும் மருந்தகமும் மளிகைக்கடையும் உள்ள தீவுக்கு மக்கள் போய்வரும் படகு இருக்கும். அவர்கள் சாப்பிடும் உணவகம் இருக்கும். ஒரே ஒரு ரிசார்ட் மட்டும் உள்ள தீவில் படகு, உணவு, தண்ணீர், கடல் விளையாட்டு அனைத்தும் ஒருவர் கையில் இருப்பதால், பேரம் பேசவோ வேறிடம் தேடவோ வழியே இல்லை.

இதற்கு மாலத்தீவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. பல ஆண்டுகளாக அங்கே வெளிநாட்டுப் பயணிகள் தனித்தீவு ரிசார்ட்டுகளில் மட்டுமே தங்குவது வழக்கமாக இருந்தது. 2009-ஆம் ஆண்டு விதிகள் தளர்த்தப்பட்டு, மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்த பிறகுதான், மாஃபுஷி போன்ற தீவுகள் சாதாரணப் பயணிகளுக்குத் திறந்தன. கடலும் பவளப்பாறைகளும் அதே கடல், அதே பாறைகள்தாம். தங்கும் தீவு மாறியதால் செலவு பல மடங்கு குறைந்துவிட்டது. அதற்கு ஈடாக மக்கள் வாழும் தீவுகளின் விதிகளை ஏற்க வேண்டும்: அங்கே மது கிடையாது, நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே.

இரண்டாவதாக, அந்தத் தீவுக்குச் செல்ல ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாய்லாந்தின் கோ சாமுய் தீவிலுள்ள விமான நிலையம் ஒரு தனியார் விமான நிறுவனத்துக்குச் சொந்தமானது. நேரடி விமானக் கட்டணம் பெரும்பாலும் உயர்வாகவே இருக்கும். ஆனால் நிலப்பகுதியிலுள்ள சூரத் தானி வரை ரயிலிலோ வேறு விமானத்திலோ போய், அங்கிருந்து பேருந்தும் படகுமாகச் சென்றால் அரை நாள் கூடுதலாகும், செலவு வெகுவாகக் குறையும். இப்படி ஒரு மாற்று வழி உள்ள தீவே சிக்கனப் பயணிக்கு ஏற்ற தீவு.

மூன்றாவதாக, நுழைவுக் கட்டணமே பெருந்தொகையாக இருக்கும் தீவுகள் உண்டு. எக்வடோரின் கலாபகஸ் தேசியப் பூங்காவில் பெரும்பாலான வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு நான்கு நாள் பயணமாகப் போவது பண விரயம். போவதென்றால் இரண்டு வாரம் தங்கும்படி போக வேண்டும். பல நாள் கப்பல் சுற்றுலாவைத் தவிர்த்து, சாந்தா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா ஆகிய மக்கள் வாழும் தீவுகளில் அறை எடுத்து, அவற்றுக்கிடையே சுமார் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் சிறு படகுகளைப் பயன்படுத்த வேண்டும்.

2. பருவத்தைக் கணித்தல்

வெப்பமண்டலத்தில் குளிரும் கோடையும் இல்லை. மழையும் காற்றும்தான் நாட்காட்டி. ஒரு நாட்டுக்கு ஒரே பருவம் என்று நினைப்பதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. தாய்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள புக்கெட், கோ லந்தா பகுதிகளில் மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பும் இருக்கும். கிழக்கிலுள்ள வளைகுடாவில் இருக்கும் கோ சாமுய், கோ தாவ் தீவுகளிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. ஆகஸ்டில் பயணம் அமைந்தால் கிழக்கே போவதும், பிப்ரவரியில் அமைந்தால் மேற்கே போவதும் ஏற்றது. மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதால் விடுதிகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும், படகுகளும் குறைந்துவிடும். அதே மாதங்களில் மேற்குக் கரையின் லங்காவி வெயிலில் ஒளிரும்.

சூறாவளிப் பருவத்தை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். கரீபியன் கடலில் அதிகாரபூர்வமான பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் நடுப்பகுதியை ஒட்டி வரும். தெற்குப் பசிபிக்கின் ஃபிஜியிலும், தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் மொரீஷியஸ், ரீயூனியன் பகுதிகளிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை எச்சரிக்கை தேவை. பிலிப்பைன்ஸ் கடற்பரப்புக்குள் ஆண்டுக்குச் சராசரியாக 20 வெப்பமண்டலச் சூறாவளிகள் நுழைகின்றன. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறத்தாழ 5 பாகை அகலாங்குக்குள், புவி சுழற்சியால் எழுந்து காற்றைச் சுழலவைக்கும் கோரியோலிஸ் விசை வலுக்குறைந்து இருப்பதால் சூறாவளி உருவாவது மிக அரிது. கரீபியனுக்குள்ளேயே அரூபா, பொனேர், குராசோ ஆகிய மூன்றும் தெற்கே ஒதுங்கி இருப்பதால் அவற்றை நேரடியாகத் தாக்கும் புயல்கள் குறைவு.

சிக்கனப் பயணிக்கு உகந்தது, மழைக்காலத்தின் இரு ஓரங்களிலும் வரும் இடைப்பட்ட வாரங்கள். அறை வாடகை இறங்கியிருக்கும், படகுகள் ஓடிக்கொண்டிருக்கும், மழையும் பெரும்பாலும் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும். நட்டநடு மழைக்காலத்தில் வாடகை இன்னும் இறங்கும் என்பது உண்மை. ஆயினும் படகு ரத்தாகி வழியிலுள்ள துறையில் மூன்று நாள் முடங்கினால், மிச்சம் பிடித்தது முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். கலங்கிய நீரில் பவளப்பாறையும் தெரியாது. பூங்காக்கள் மூடும் காலத்தையும் சரிபார்க்க வேண்டும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஆண்டுதோறும் மூடப்படுகின்றன. கூட்டத்தால் பவளப்பாறை சிதைந்த, அதே நாட்டின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. இப்போதும் ஆண்டில் இரண்டு மாதம் அதற்கு ஓய்வு தருகிறார்கள்.

3. முழுச் செலவையும் தாளில் எழுதுதல்

விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுவோர் பாதி வழியில் திகைத்துப்போகிறார்கள். தாளை இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம், எத்தனை நாள் தங்கினாலும் மாறாத செலவுகள்: விமானம், விசா, துறைக்குச் செல்லும் வண்டி, படகு, நடுவில் ஓரிரவு தங்க நேர்ந்தால் அதன் வாடகை, துறைமுகக் கட்டணம், நுழைவு வரி. வலப்பக்கம், நாள்தோறும் கூடும் செலவுகள்: அறை, உணவு, தண்ணீர், நாள் வரி, உள்ளூர்ப் போக்குவரத்து.

இடப்பக்கத்தில் விடுபடுபவை பெரும்பாலும் அரசு விதிக்கும் கட்டணங்களே. பாலிக்கு வரும் வெளிநாட்டுப் பயணி 2024 பிப்ரவரி 14 முதல் 1,50,000 ருபியா செலுத்த வேண்டும். விசாக் கட்டணம் இதற்குத் தனி. தான்சானியாவின் சான்சிபாருக்குள் நுழைய 2024 அக்டோபர் 1 முதல் அங்குள்ள கட்டாயக் காப்பீட்டை 44 டாலர் கொடுத்து எடுக்க வேண்டும். நம்மிடம் வேறு காப்பீடு இருந்தாலும் விலக்கு இல்லை. மாலத்தீவின் பசுமை வரியோ வலப்பக்கத்தில் சேரும்: 2025 ஜனவரி முதல், மக்கள் வாழும் தீவுகளிலுள்ள 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் இல்லங்களில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டுகளில் 12 டாலர். அறை வாடகை மலிவாகத் தெரியும் பதிவுகளில் இந்த வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இத்தகைய கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இப்போது இடப்பக்கக் கூட்டுத்தொகையைத் தங்கும் நாட்களால் வகுத்து, வலப்பக்கத்தின் ஒரு நாள் செலவுடன் கூட்டுங்கள். அதுவே உங்கள் உண்மையான ஒரு நாள் செலவு. ஐந்து நாளுக்குப் பதிலாகப் பத்து நாள் தங்கினால் இடப்பக்கச் சுமை பாதியாகும். பத்து நாளில் மூன்று தீவு என்று திட்டமிட்டாலோ படகுச் செலவு கூடுவதுடன், மூட்டை கட்டுவதிலும் துறையில் காத்திருப்பதிலும் இரண்டு மூன்று பகல்கள் போய்விடும். முதன்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, ஒரு பயணத்துக்கு ஒரு தீவு. இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் மட்டும் இரண்டு.

4. கடலைத் தாண்டுதல்

பெரும்பாலான தீவுகளுக்கு இரண்டு வகைப் படகுகள் ஓடுகின்றன. ஒன்று பயணிகளுக்கென விற்கப்படும் விரைவுப் படகு, மற்றது தீவு மக்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் பொதுப் படகு. இணையத்தில் முதலில் கண்ணில் படுவது விரைவுப் படகு. பொதுப் படகின் நேரம் பெரும்பாலும் துறையில் ஒட்டிய ஒரு தாளில்தான் இருக்கும். தங்கப்போகும் விடுதிக்காரரிடம், “நீங்கள் ஊருக்குப் போய்வரும்போது எந்தப் படகில் ஏறுவீர்கள்?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

இந்தோனேசியாவின் பாலியிலிருந்து, பக்கத்துத் தீவான லொம்போக்கை ஒட்டிய கிலித் தீவுகளுக்குப் பலர் விரைவுப் படகில் போகிறார்கள். சிக்கனமாகப் போகிறவர்கள் பாடாங் பாய் துறையிலிருந்து லொம்போக்கின் லெம்பார் துறைக்குப் பெரிய கப்பலில் கடந்து, அங்கிருந்து வண்டியில் பாங்சால் வந்து, ஆள் நிறைந்ததும் புறப்படும் பொதுப் படகில் ஏறுவார்கள். இதற்கு ஒரு முழுப் பகல் தேவை. காலையிலேயே கிளம்பாவிட்டால் மாலைக்குள் தீவை அடைய முடியாது. தாய்லாந்தின் சும்போனிலிருந்து கோ தாவுக்குப் போகும் இரவுப் படகில் படுக்கையும் சேர்ந்தே வருவதால் ஓரிரவு வாடகை மிச்சமாகிறது.

பொதுப் படகில் போவதற்கு முன், அது ஓடாத நாட்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். மாலத்தீவில் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலான பொதுப் படகுகள் ஓடுவதில்லை. இதை அறியாமல் நான் ஒரு வியாழன் இரவு தலைநகரில் இறங்கி, மறுநாள் பகல் முழுவதையும் அங்கே கழித்து, சேமித்த படகுக் கட்டணத்தைவிட அதிகமாக அறைக்குக் கொடுத்தேன். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே படகு அட்டவணையைப் பார்த்து, விமானம் இறங்கும் நாளையும் நேரத்தையும் படகுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பதை அன்றுதான் உறுதியாகக் கற்றேன்.

படகில் ஏறும்போது மிதவை அங்கி போதுமான எண்ணிக்கையில் இருக்கிறதா, ஆட்கள் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருக்கிறார்களா என்று பார்த்து, சந்தேகம் தோன்றினால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான். கடல் பெரும்பாலும் காலையில் அமைதியாகவும் பிற்பகலில் காற்றோடும் இருப்பதால் முதல் படகே நல்லது. வாந்தி வருமோ என்று அஞ்சுகிறவர்கள் ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு மாத்திரை போட்டுக்கொண்டு, படகின் பின்பகுதியில் நடுவாக அமர்ந்து, தொடுவானத்தைப் பார்த்தபடி வர வேண்டும். முன்பகுதி இருக்கை பார்க்க அழகாக இருக்கும். அலையில் அதிகம் தூக்கிப் போடுவதும் அதுதான். கடவுச்சீட்டு, பணம், கைப்பேசி ஆகியவை நீர்புகாப் பையில் மடியிலேயே இருக்கட்டும்.

5. தங்குமிடம்

கடலைப் பார்த்த அறைக்கும், இரண்டு தெரு தள்ளியிருக்கும் அறைக்கும் வாடகை பெருமளவு வேறுபடும். நடக்க ஐந்து நிமிடம்தான் வித்தியாசம். மின்விசிறி அறை குளிர்சாதன அறையைவிடக் கணிசமாக மலிவு. பல தீவுகளில் மின்சாரம் டீசல் மின்னாக்கியிலிருந்து வருகிறது, அந்த டீசலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். காற்றோட்டமுள்ள, கொசுவலை கட்டிய மின்விசிறி அறை இரவில் போதுமானது. இரண்டு இரவு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, நேரில் பார்த்துப் பிடித்தால் ஒரு வாரத்துக்குச் சேர்த்துப் பேசினால் வாடகை குறையும். ஆனால் பருவ உச்சத்திலும், நுழையும்போதே தங்குமிடச் சான்று கேட்கும் தீவுகளிலும் இந்த வழி உதவாது.

இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் போன்ற தொலைதூரத் தீவுகளில் குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்டேக்களில் ஆளுக்கு இவ்வளவு என்று மூன்று வேளை உணவோடு சேர்த்து வாங்குகிறார்கள். கடையே இல்லாத இடத்தில் இதுவே சிக்கனம். கடைகள் நிறைந்த தீவில் சமையலறை உள்ள அறை சிக்கனம். இந்த இரண்டில் எது உங்கள் தீவுக்குப் பொருந்தும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

அறையைப் பற்றிக் கேட்கும்போது கடலின் ஏற்றவற்றத்தையும் கேட்க வேண்டும். இதைப் பலர் கேட்பதே இல்லை. சான்சிபாரின் கிழக்குக் கரையிலுள்ள பாஜே, ஜாம்பியானி கடற்கரைகளில் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, நீந்த முடியாத மணல் திட்டும் கடற்பாசி வயலும் மட்டுமே எஞ்சும். வடமுனையிலுள்ள நுங்குவி, கெண்ட்வா பகுதிகளில் அந்த வேறுபாடு குறைவு. உள்வாங்கிய கடலில் நடந்து பாசி வளர்ப்பவர்களின் வேலையைப் பார்ப்பதும் ஓர் அனுபவம்தான். ஆனால் நாள் முழுவதும் நீந்த நினைத்துப் போனவருக்கு அது ஏமாற்றமாக முடியும்.

6. தண்ணீரும் உணவும்

பவளத்தீவின் மணலுக்கடியில், மழைநீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது நீரியலாளர்களின் கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறிவிடும். அதனால்தான் சிறு தீவுகளில் குழாய்நீர் உப்புக் கரிக்கிறது; குடிநீர் கடல்நீரைச் சுத்திகரித்தோ படகில் ஏற்றியோ கிடைக்கிறது. வெயிலில் ஒருவருக்கு நாளுக்கு மூன்று லிட்டர் வரை தேவைப்படும் என்பதால், பாட்டில் தண்ணீருக்குக் கொடுப்பது இரண்டு வாரத்தில் ஒரு நல்ல தொகையாகிவிடும். விடுதியிலோ கடையிலோ நிரப்பித் தரும் பெரிய குடுவையும், சொந்தமாக ஓர் உறுதியான புட்டியும் இருந்தால் செலவும் குறையும், குப்பையும் குறையும். நன்னீர் ஆற்றோடை உள்ள தீவுகளில் வடிகட்டிப் புட்டி உதவும்; ஆனால் அது உப்பை நீக்காது என்பதை மறக்க வேண்டாம்.

உணவில் எளிய விதி ஒன்றுண்டு: தீவில் விளைவதையும் பிடிபடுவதையும் சாப்பிட்டால் மலிவு, படகில் வந்ததைச் சாப்பிட்டால் விலை. மீன், தேங்காய், வாழை, கிழங்கு ஆகியவை முதல் வகை. பாலாடைக்கட்டி, ஆப்பிள், இறைச்சி, தானியப் பொட்டலங்கள் இரண்டாவது வகை. மீனில் ஓர் எச்சரிக்கை உண்டு. பவளப்பாறையை ஒட்டி வாழும் சீலா, பெரிய கலவா போன்ற வேட்டை மீன்களில் சிகுவடெரா என்னும் உணவு நச்சேற்றத்தை உண்டாக்கும் நஞ்சு சேர்ந்திருக்கலாம். சமைத்தாலும் அது அழியாது. எந்தப் பகுதி மீனை உள்ளூரார் தவிர்க்கிறார்கள் என்று கேட்டு, அதன்படி நடக்க வேண்டும்.

7. பணம்

சிறு தீவில் ஏடிஎம் இருந்தாலும், அது காலியாகவோ பழுதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நிலப்பகுதியிலேயே தேவையான உள்ளூர்ப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாலர் கொண்டுபோனால் புதிய, கசங்காத நோட்டுகளாக இருக்கட்டும். அட்டையில் கட்டும்போது உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை பிடிப்பதைத் தவிர்க்கலாம்.

8. தீவுக்குள் நகர்தல்

கிலித் தீவுகளில் கார்களோ பெட்ரோல் வண்டிகளோ கிடையாது. பெரும்பாலும் சைக்கிளும் குதிரை வண்டியும்தான். சீஷெல்ஸின் லா டீகிலும் சைக்கிளே போதும். பசிபிக்கின் குக் தீவுகளில் ஒன்றான ராரோடோங்காவைச் சுற்றியுள்ள சுமார் 32 கிலோமீட்டர் வளையச் சாலையில், ஒரு பேருந்து கடிகார முள் சுற்றும் திசையிலும் இன்னொன்று எதிர்த் திசையிலும் ஓடுகிறது. இப்படி நடந்தோ சைக்கிளிலோ பேருந்திலோ சுற்ற முடிகிற தீவு வாடகை வண்டிச் செலவை முழுவதுமாக மிச்சமாக்கும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது மலிவானதாகத் தோன்றும். ஆனால் தீவுகளில் பயணிகள் காயமடைவது பெரும்பாலும் இதில்தான். உங்கள் உரிமத்தில் இரு சக்கர வாகனத்துக்கான அனுமதியும், அந்த நாடு ஏற்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லையென்றால், விபத்து நேரும்போது காப்பீடு பெரும்பாலும் ஒரு காசும் தராது. எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே உள்ள கீறல்களை எல்லாம் வண்டி கொடுப்பவர் முன்னிலையில் படமெடுத்துக்கொள்ளுங்கள்; கடவுச்சீட்டை அடமானமாகக் கொடுக்காமல் முன்பணம் கொடுங்கள்.

9. கடலில் இறங்குதல்

தீவின் பெருஞ்செல்வம் கடலுக்கடியில்தான் இருக்கிறது, அதைப் பார்க்கப் பெரிதாகப் பணம் தேவையில்லை. சொந்தமாக ஒரு முகமூடியும் சுவாசக்குழாயும் கொண்டுபோனால் மூன்று நான்கு நாள் வாடகையிலேயே அதன் விலை ஈடாகிவிடும். வாங்கும்போது முகமூடியைப் பட்டையில்லாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளிழுத்துக் கையை விடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. பவளப்பாறை கரையிலிருந்தே நீந்தும் தொலைவில் உள்ள தீவைத் தேர்ந்தெடுத்திருந்தால், படகுச் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்காமல் நாள்தோறும் போகலாம். ஒரே பாறைக்கு ஐந்து நாள் தொடர்ந்து போகும்போதுதான், முதல் நாள் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் கணவாய் மீன் ஒன்று நிறம் மாற்றி அமர்ந்திருப்பது கண்ணில் படும்.

நீரில் இறங்குவதற்கு முன் கரையில் பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். அலைகள் உடையும் வரிசைக்கு நடுவே அலையில்லாமல் கலங்கி ஓடும் ஒரு தடம் தெரிந்தால், அது கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம். அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகுதான் திரும்ப வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றவற்றம் அதிகமாவதால், பவளத்திட்டின் வாய்க்கால்களில் நீரோட்டமும் வலுக்கும். தனியே நீந்த வேண்டாம்.

காலில் கனத்த அடியுள்ள காலணி இருந்தால் கடல்முள்ளியாலும், கல்லைப்போலக் கிடக்கும் நச்சு முள்ளுள்ள கல்மீனாலும் வரும் ஆபத்து குறையும். கல்மீன் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், சுமார் 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், காலை அமிழ்த்தி வைத்து உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பெட்டி இழுதுமீன் என்னும் கொடிய ஜெல்லிமீன் உள்ள கடல்களில் கரையோரம் வினிகர் வைத்திருப்பார்கள். பட்ட இடத்தில் அதைத் தாராளமாக ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது.

வெயிலுக்கு நீண்ட கை நீச்சல் சட்டையே சிறந்த காப்பு, சிக்கனமும்கூட. சில களிம்புகளிலுள்ள ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் போன்ற பொருட்கள் பவளங்களுக்குக் கேடு செய்யலாம் என்ற கவலையால் பலாவ் 2020 ஜனவரியிலும் ஹவாய் 2021 ஜனவரியிலும் அவற்றுக்குத் தடை விதித்தன. தாய்லாந்து 2021 ஆகஸ்டில் தேசியக் கடற்பூங்காக்களில் தடை செய்தது. சட்டை அணிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் துத்தநாக ஆக்சைடு களிம்பு போதும்.

காற்று உருளையுடன் மூழ்கும் ஆழ்நீச்சல் (ஸ்கூபா) கற்க விரும்பினால், அதற்கென்றே புகழ்பெற்ற கோ தாவ், ஹோண்டுராஸின் உடிலா போன்ற தீவுகளில் பள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் கட்டணம் குறைவு, சில பள்ளிகள் தங்குமிடமும் சேர்த்துத் தருகின்றன. விலையை மட்டும் பார்க்காமல், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள்; நான்குக்கு மேல் என்றால் வேறு பள்ளியைப் பாருங்கள்.

10. உடல்நலமும் காப்பீடும்

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கிறது. ஆகவே இரவுக் கொசுவலை மட்டும் போதாது, பகலிலும் விரட்டி பூச வேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும். பவளக் கீறல் ஈரக்காற்றில் எளிதில் சீழ்பிடிக்கும் என்பதால், அன்றே நன்னீரால் நன்றாகக் கழுவி மருந்திட வேண்டும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: தீவிலிருந்து நிலப்பகுதி மருத்துவமனைக்குப் படகிலோ ஹெலிகாப்டரிலோ கொண்டுசெல்லும் செலவு அடங்குமா, ஸ்கூட்டர் அடங்குமா, ஆழ்நீச்சல் எத்தனை மீட்டர் வரை அடங்கும். முதலாவது இல்லாத காப்பீடு தீவுப் பயணத்துக்குப் பயன்படாது.

11. திரும்புதல்

திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே நிலப்பகுதிக்கோ பெருந்தீவுக்கோ வந்துவிடுங்கள். விமானத்தன்று காலைப் படகை நம்பியிருந்து, காற்று வீசி அது ரத்தானால், புதிய விமானச் சீட்டு பயணத்தின் மொத்தச் சேமிப்பையும் விழுங்கிவிடும். ஓரிரவு வாடகை அதற்கான மலிவான காப்பு. ஆழ்நீச்சல் செய்தவர்கள் ஒருமுறை மட்டும் மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பதால், இந்த இடைநாள் அவர்களுக்கு எப்படியும் தேவை.

பையைக் கட்டும்போது கிளிஞ்சல், பவளத்துண்டு, மணல் ஆகியவற்றை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். கல் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. விமான நிலையத்தில் பிடிபட்டால் அபராதம் உண்டு. சீஷெல்ஸின் இரட்டைத் தேங்காயைக்கூட உரிய சான்றிதழுடன்தான் வெளியே கொண்டுவர முடியும். முகமூடியையும் காலணியையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்திய பிறகு பையில் வையுங்கள். உப்புக் காய்ந்த ரப்பர் அடுத்த பயணத்துக்குள் வெடித்துவிடும்.